கருப்பனின் கற்படுக்கை

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய கோடையில், சொந்தபந்தங்களோடு வண்டி கட்டிச் சமணர் மலை பார்க்கப் போனோம். எங்கள் ஆடு மேய்க்கும் கருப்பன்தான் வழிகாட்டினான். பழங்காலத் துறவிகள் குகைக்குள் செதுக்கிய கற்படுக்கைகளில் எல்லோரும் சுகமாகப் படுத்தோம். தீட்டு என்று அவனை வெளியே வெயிலில் நிறுத்தியவன் நான்தான்.

“கல்லு எம்புட்டு வழவழப்பு!” என்றார் அப்பா.

“நித்தமும் மத்தியானம் நான் அதுலதான் படுப்பேன், சாமி,” என்றான் கருப்பன் பெருமையாக.

அப்பா துள்ளி எழுந்தார். மொத்தக் கூட்டமும் மலையடிக் குளத்துக்கு ஓடித் தலைமுழுகியது. நானும் இரண்டு முறை முங்கினேன்.

கரையில் தள்ளி நின்று கருப்பன் கேட்டான்: “நான் எதும் தப்பாச் சொல்லிட்டேனா, சாமி?”

நான் மூன்றாம் முறையும் முங்கினேன். அதிலிருந்து நான் இன்னும் எழவில்லை.