வாத்தியார் பூட்டிய காரின் இடது மட்கார்டு

கிட்ட வந்து உட்காருங்க. கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்னு என் காது பாதி போயிடுச்சு, தூரத்தில் இருந்தா நான் கத்த வேண்டியிருக்கும். நம்ம தொழிலில் ஓடாத கார் வந்தா பயமில்லை. சொந்தக்காரரே சாமானை வாங்கிக் கோத்துப் பூட்டின கார் வந்தால்தான் பயம். பட்டறை வெச்சிருக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா?

பத்து நிமிஷ அவசரம்

ஒரு வியாழக்கிழமை ஈப்போவில் என் பட்டறைக்கு அப்படி ஒண்ணு வந்தது. பெட்டியில் சாமான் வரவழைச்சு வீட்டிலேயே பூட்டுற ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது. பூட்டியவர் நவநீதன், ஓய்வுபெற்ற வாத்தியார். ஆறு வருஷ வேலை. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். பழைய எஸ்டேட் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு இந்தக் காரில்தான் அவளை அழைச்சிட்டுப் போகணும்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டார். ஆனா ஸ்டீயரிங்கைத் திருப்பினா இடது முன் டயர் மட்கார்டில் உரசுது.

குனிஞ்சு பார்த்தேன். மட்கார்டைத் தாங்குற பிராக்கெட்டின் துளை ஒரு விரல் அளவு தள்ளி இருந்தது. வலது பக்கம் மட்டும் அளந்து வெச்ச மாதிரி சுத்தம். "இடது பக்கம் துளை போட்ட அன்னிக்கு என்ன சார் ஆச்சு?"ன்னு கேட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "ராகு காலம் வர பத்து நிமிஷம்தான் இருந்துச்சு. அவசரப்பட்டுட்டேன் லா."

காலியான சீட்டு

என்கூட வேலை செய்யுற முனியாண்டி, ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் போட்டுப் பழகினவன். பழைய துளையை அடைச்சு, சரியான இடத்தில் புதுத் துளை போட்டான். வாத்தியார் தெருவில் ஒரு சுத்து ஓட்டினார். சத்தமே இல்லை.

முனியாண்டி ஆசையா பக்கத்து சீட்டில் ஏறினான். கார் இடது பக்கம் அமுங்கியது. முனையில் திரும்பினதும் மறுபடியும் கிர்ருன்னு உரசல். "இந்த சீட்டில் ஆளை வெச்சு ஓட்டிப் பார்க்கலையா சார்?"ன்னு வாத்தியாரைக் கேட்டேன்.

"எங்க வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். 'உங்க குளிக்கிற தொட்டியில நீங்களே போங்க'ன்னுட்டா."

மணப்பெண்ணுக்குப் பதிலா

முனியாண்டி எடைக்கு அளவு வெச்சா கணக்கு உதைக்கும். கல்யாணப் பொண்ணிடம் எத்தனை கிலோன்னு எவன் கேட்பான்? வாத்தியாரே ஒரு கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை பாகான் செராய் அரிசி, பத்துக் கிலோ பை அஞ்சு கொண்டுவந்து சீட்டில் அடுக்கினார். பட்டுப்புடவை, மாலை, நகைக்குன்னு மேலே இன்னொரு சின்னப் பை. பிராக்கெட்டுக்கு அடியில் வாஷர் கொடுத்து மட்கார்டைத் தூக்கினோம். உரசல் போச்சு.

"தாலிக்கு எத்தனை கிலோ சார்?"ன்னு முனியாண்டி வம்புக்கு இழுத்தான். வாத்தியார் சிரிக்கவே இல்லை: "தாலி ஏறினப்புறம் அவ மாப்பிள்ளை கார்ல போவா. அது நம்ம எடை இல்ல."

சந்தனம்

சனிக்கிழமை காலை வாத்தியார் மனைவி கமலா அக்கா பட்டறைக்கு வந்தாங்க. கார் பூசைக்கு வாங்கின சந்தனக் கிண்ணம் கையில். சீட்டில் இருந்த அரிசியைப் பார்த்துட்டு, "அண்ணே, கோயில் ரோடு பூரா பள்ளம், வளைவு. மூட்டை கல்லு மாதிரி உட்காந்திருக்கும். என் மக சாய்வா, துள்ளுவா. பாதி வழியில மட்கார்டு ஒடைஞ்சா சம்பந்தி முன்னாடி நாந்தான் நிக்கணும்"ன்னாங்க.

சந்தனத்தைக் குழைச்சு அந்த இடது டயர் முழுக்கத் தடவி, "எங்க உரசுதுன்னு இது காட்டிக் குடுக்கும்"ன்னாங்க. அரிசியை இறக்கச் சொல்லிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கிட்டு, அவங்களே ஏறி உட்கார்ந்தாங்க. வாத்தியார் வண்டியை எடுத்தார். கோயில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தப்போ, மட்கார்டு உள்பக்கம் பின் ஓரத்தில் மஞ்சளா ஒரு கோடு. அந்த ஓரத்தை மட்டும் இன்னும் அரை விரல் தூக்கினோம். புதுசா சந்தனம் தடவி இன்னொரு ஓட்டம். இந்தத் தடவை கோடு இல்லை. முனியாண்டி என் காதில் சொன்னான்: "அண்ணே, இந்த அக்காவை வேலைக்கு வெச்சா நம்ம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மேளம் முழங்க மகள் இறங்கி நிற்க, ரெண்டு மெக்கானிக் மூணு நாள் பார்த்த வேலையை நம்பாம காலையிலும் டயரில் சந்தனம் தடவி வெச்ச கமலா அக்கா, பட்டுப்புடவையோடு குனிஞ்சு மட்கார்டுக்குள் ஒரு விரலை ஓட்டி, விரலில் மஞ்சள் ஒட்டலைன்னு வெளிச்சத்தில் பார்த்துட்டு, அப்புறம்தான் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாங்க.