உள்பக்கம் திறந்த கதவு

"…அப்ப என்னைய நிப்பாட்டிட்டா இந்தப் படி அகலமாயிருமா, முதலாளி?" என்று கேட்டாள் பொட்டிபுரத்துக்காரி.

குரலை உயர்த்தவில்லை. கடைசி பஸ்சு எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். ஆனால் அந்த ஏலக்காய்க் கடையில் முதலாளியைப் பார்த்து யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த ஆபீசர் வேறு நிற்கிறார். மாடிப்படியின் உச்சியில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். இவளுக்குப் பின்னால் நான். 

பேச்சு அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எழுபதுகளின் கடைசியில் போடியில் நான் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தேன். மலையிலிருந்து ஜீப்பில் லோடு வந்து இறங்கும். கடையின் கீழ்த்தளம் முழுக்க ஆம்பளைகள் புழங்குகிற இடம். தராசு, சாக்கு, வியாபாரிகள், வெற்றிலைச் சிவப்பு. மாடி எங்களுக்கு. தரையில் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் கொட்டி, பச்சை தனி, வெடித்தது தனி, பூச்சி அரித்தது தனி என்று பிரிப்போம். ஏலக்காய் ஒரு கைப்பிடி மடியில் போனாலும் முதலாளிக்கு நெஞ்சு வலிக்கும். அதனால் நாங்கள் உள்ளே போனதும் கணக்கப்பிள்ளை கதவை இழுத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிடுவார். சாயங்காலம் திறப்பார். ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று முந்தானையை உதறிக் காட்டி, கொண்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும்.

அது எங்களுக்கு மானக்கேடாகக்கூடத் தெரியவில்லை. அவ்வளவு பழகிப்போயிருந்தது. எங்களில் வயதில் மூத்தவள் குரங்கணி என்கிற ஊரிலிருந்து வருகிற குரங்கணிக்காரி. அவள் மட்டும் தினமும் உதறும்போது ஏதாவது சொல்லாமல் விடமாட்டாள். "நல்லாப் பாத்துக்கங்க கணக்கப்பிள்ளையண்ணே, ஏலக்காய் விழுகுதோ இல்லையோ, எங்க வீட்டுத் தரித்திரமாவது உதுருதான்னு பாருங்க" என்பாள். அவரும் சிரிப்பார்.

பொட்டிபுரத்துக்காரிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போனது. படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறுவாள். யாரும் பின்னால் நின்று காத்திருக்கக் கூடாது என்பதற்காகக் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள். சாயங்காலம் எல்லோருக்கும் பின்னால் இறங்குவாள். களையெடுக்க முடியாது, மலைத் தோட்டத்துக்குப் போக முடியாது. உட்கார்ந்த இடத்தில் செய்கிற சோலி போடியில் அவளுக்கு இது ஒன்றுதான் இருந்தது. இது போனால் அவளுக்குக் கஞ்சி இல்லை. இதை அவள் சொல்லி நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்தாலே தெரியும்.

ஒரு நாள் அந்த ஆபீசர் வந்தார். தொழில் நடக்கிற கட்டடங்களைச் சோதிக்கிற உத்தியோகம். முப்பத்தைந்து வயது இருக்கும். படியின் அகலத்தை டேப் வைத்து அளந்தார். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் எங்கள் பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"மத்தியானம் சாப்பிடப் போனா இந்தச் சாவி எங்க இருக்கும்?"

"என்கிட்டதான் சார்" என்றார் கணக்கப்பிள்ளை பெருமையாக. "ஒருத்தர்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

"உங்க வீடு?"

"பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிட்டு சார்."

ஆபீசர் பூட்டைக் கையிலிருந்து விட்டார். திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தார். செத்த வீட்டில் பிள்ளைகளைப் பார்ப்பார்களே, அப்படி. எனக்கு அந்தப் பார்வையிலேயே பயம் தொற்றிவிட்டது. அதுவரை எத்தனையோ மத்தியானம் அந்தப் பூட்டுக்கு உள்ளே உட்கார்ந்து சோறு தின்று கதை பேசியிருக்கிறேன். ஒரு நாளும் தோன்றாதது அப்போது தோன்றியது. கீழே இருப்பதெல்லாம் காய்ந்த சாக்கு.

"எப்பவும் போலப் பூட்டுங்க" என்றார் கணக்கப்பிள்ளையிடம். எங்களைப் பார்த்து, "நான் வெளிய நின்னு தீன்னு கத்துவேன். நெசமாத் தீப் பிடிச்சா எப்படி வருவீங்களோ அப்படி வந்து காட்டுங்கம்மா" என்றார்.

"நெருப்ப மூட்டாமயே ஓடச் சொல்றாரு, நல்ல மனுசன்தான்" என்றாள் குரங்கணிக்காரி. எல்லோரும் சிரித்தோம். பூட்டுப் பூட்டுகிற சத்தம் கேட்டது. தீ என்று குரல் வந்தது. சிரித்துக்கொண்டேதான் எழுந்து ஓடினோம்.

நான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தவள், அதனால் முதலில் போய்ச் சேர்ந்தேன். பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. கதவு என் தோளில் வந்து இடித்து நின்றது. உள்பக்கம் திறக்கிற கதவு அது. திறக்க வேண்டுமானால் நான் பின்னால் போக வேண்டும். பின்னால் போக இடமில்லை, எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். "பின்னால போங்கத்தா" என்று கணக்கப்பிள்ளை வெளியிலிருந்து தள்ளுகிறார். நானும் அதையே சொல்கிறேன். கடைசியில் நிற்கிறவளுக்கு எது காதில் விழும்? முன்னால் நகரவில்லையே என்று அவள் இன்னும் நெருக்குகிறாள். யாருடைய வளையலோ என் முதுகில் நொறுங்கியது. என் கன்னம் பலகையில் ஒட்டிக்கிடக்கிறது, மூச்சு இழுத்தால் நெஞ்சு விரிய இடமில்லை. சிரிப்புச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. பின்னால் ஒருத்தி அழ ஆரம்பித்திருந்தாள்.

தீயும் இல்லை, புகையும் இல்லை, பட்டப்பகல். விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நெருக்குவது நிற்கவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருப்பவள்தான் தப்பிப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதவில் முதலில் சாகப்போவது அவள்தான்.

யாரோ கீழே விழுந்து, அதனால் கொஞ்சம் இடம் கிடைத்து, கதவு ஒருவழியாகத் திறந்தது.  வெளியே வந்த முதல் இரண்டு பேர் வாசலில் நின்றுவிட்டோம். நின்று, முந்தானையை உதறினோம். கை கொண்டைக்குப் போய்விட்டது. நான்தான் அந்த இரண்டு பேரில் ஒருத்தி. கணக்கப்பிள்ளையும் குனிந்து தரையைப் பார்க்கிறார், ஏதாவது விழுகிறதா என்று. பின்னால் வந்த கூட்டம் எங்கள் மேல் மோதி, குரங்கணிக்காரி படியில் உருளப் போனவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நெருப்புக்குள்ள நின்னு யாருக்கும்மா உதறிக் காட்டுறீங்க?" என்றார்.  குரங்கணிக்காரி அப்போதும் கைப்பிடிச் சுவரை விடவில்லை.

தெருவில் வந்து நின்ற பிறகு, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் மாடியிலிருந்து பொட்டிபுரத்துக்காரியின் கை ஊன்றுகிற சத்தம் கேட்டது. ஒரு படி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு படி. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பாதியில் கையைக் கீழே போட்டுவிட்டார்.

அவள் இறங்கி முடித்ததும் முதலாளியிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆள் உள்ள இருக்கையில கதவப் பூட்டக் கூடாது. கதவு வெளிய பாத்துத் தெறக்கணும், கூட்டம் மோதுனா அதுவே தெறந்துக்கிரும். ஒரு படியில புகை ஏறிட்டா எறங்க இன்னொரு படி வேணும். அந்த வழி எதுன்னு செவப்பு எழுத்துல, இவங்களுக்குத் தெரிஞ்ச பாஷையில எழுதி வைக்கணும். இதெல்லாம் சட்டம்." பிறகு குரலைத் தணித்து, "இந்தப் பொண்ணு மாதிரி இருக்கவங்களுக்கு என்ன செய்யணும்னு சட்டத்துல ஒரு வரியும் இல்ல. ஆனா ஆள் இருக்காங்களே, நீங்கதான் ஒரு வழி யோசிக்கணும்" என்றார்.

எனக்குத் தீயைப் பற்றித் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். ஏலக்காயைக் காய வைக்கிற ஸ்டோர் அங்கே ஒரு நாள் எரிந்தது. சூடு வெளியே போகாமல் அடைத்த கட்டடம், விறகு அடுப்பு, உள்ளே தகரக் குழாய். நாங்கள் ஓடிப் போய்ச் சேரும்போது மரமெல்லாம் கரியாகி, குழாய் மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது. நல்ல வேளையாக ஆள் யாரும் உள்ளே இல்லை. ஊரே ஏலக்காய் மணம். பாயசம் காய்ச்சுகிற வீடு மாதிரி அத்தனை மணம். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. அன்றைக்குக் கதவில் கன்னம் ஒட்டிக் கிடந்தபோதும் அதே மணம்தான் மூக்கில் ஏறியது.

அதற்குப் பிறகு மாடியில் பழைய கலகலப்பு இல்லை. முன்பெல்லாம் காற்று வருகிற ஜன்னலோர இடத்துக்குத்தான் சண்டை. இப்போது ஜன்னலோரம் காலி. எல்லோரும் கதவைப் பார்த்து உட்கார்ந்தோம். கீழே ஒரு சாக்கு தொப்பென்று விழுந்தாலும் முறத்தில் ஓடுகிற விரல் எல்லாம் நின்றுவிடும்.

ஆசாரி வந்து கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார். பூட்டுப் போய்விட்டது. பின்பக்கம் இரும்புப் படி வைத்தார்கள். ஓட்டை ஓட்டையாக, கீழே தெரு தெரிகிற படி. "கீழ நிக்கிறவன் அண்ணாந்து பாத்தா என்னத்துக்கு ஆகும்? தீயில வெந்தாலும் வேகுறேன், இதுல எறங்க மாட்டேன்" என்று குரங்கணிக்காரி அடித்துச் சொல்லிவிட்டாள். அப்புறம் பக்கவாட்டில் சாக்கு கட்டிக் கொடுத்தார்கள். சிவப்பு மையில் வழி என்று எழுதி அம்புக்குறி போட்டார்கள். சாக்கில் குத்துகிற மார்க்கா எழுத்தைப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டவள் நான். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

கடைசியாக ஆபீசர் சொன்னதற்கு முதலாளி சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கணக்கப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏத்தா, அடுத்த வாரம் ஆபீசர் திரும்ப வர்றாரு. அன்னையோட அந்தப் பொட்டிபுரத்துப் புள்ளைய நிப்பாட்டச் சொல்லிட்டாரு முதலாளி. எனக்குச் சொல்ல வாய் வரல. நீ பக்குவமாச் சொல்லிரு."

"கீழ உக்கார வைக்கலாமேண்ணே."

"ஆம்பளைக பொழங்குற எடம். வியாபாரி வருவான், போவான். தெருவாசல் வேற. அங்க காயக் கொட்டி வைக்க முதலாளி சம்மதிப்பாரா? மேல பேசுனா உன் சோலியும் போயிரும், பாத்துக்க."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவளிடம் போய்ச் சொன்னேன்.  அவள் விரல் நிற்கவில்லை. "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான்.

ஆபீசர் வருகிற அன்றைக்கு அவள் வரமாட்டாள் என்று நினைத்தோம். நாங்கள் போகும்போது மாடியில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆபீசர் மறுபடியும் குரல் கொடுத்தார். கை வைத்ததும் கதவு திறந்துகொண்டது. பாதிப் பேர் பழைய படியிலும் பாதிப் பேர் இரும்புப் படியிலும் இறங்கினார்கள். ஒருத்தியின் கை மட்டும் முந்தானைக்குப் போய்ப் பாதியில் நின்றது. நான் இறங்கவில்லை. பொட்டிபுரத்துக்காரி பழைய படியின் உச்சிக்கு முறத்தோடு நகர்ந்து வந்து உட்கார்ந்திருந்தாள். ஆபீசர் படியேறி வந்தார், பின்னாலேயே முதலாளி.

"இவங்களுக்கு என்ன ஏற்பாடு?"

"இன்னையோட நிப்பாட்டியாச்சு சார்" என்றார் முதலாளி. "நாளையில இருந்து படி எறங்கத் தெரியாத ஆளு மாடியில ஒருத்தரும் இல்ல. உங்களுக்கும் திருப்தி."

அப்போதுதான் அவள், படி அகலமாயிருமா என்று கேட்டாள்.

முதலாளியின் கழுத்து நரம்பு எழும்பியதைப் பார்த்தேன்.  என்னையும் சேர்த்து நிப்பாட்டப்போகிறார் என்று நினைத்தேன். "கீழ எங்கத்தா உன்னைய வைக்கிறது?" என்றார் முதலாளி கடைசியில். "நீயே சொல்லு."

அவள் முறத்தை ஒரு படி கீழே வைத்தாள், தானும் ஒரு படி இறங்கினாள். ஆபீசரும் முதலாளியும் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். மறுபடியும் முறம், மறுபடியும் அவள். ஒரு காய் சிந்தவில்லை. கீழே போய், மூட்டை சுமந்து நின்ற ஆளைக் கடந்து, தராசுக்கும் தெருவாசலுக்கும் நடுவில் ஒரு வெறும் சாக்கை இழுத்து விரித்தாள். அதில் உட்கார்ந்து, காலை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, பச்சையைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.