பி.டி. டீச்சர் வழி காட்டிய வருஷம்

பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் அமலி உடற்கல்வி ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பீரியட் விளையாட்டு என்று கால அட்டவணையில் அச்சடித்திருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பார்த்து மகிழ்வதற்காக அது. மற்ற நாட்களில் ஒரு பீரியடை இயற்பியல் எடுத்துக்கொள்ளும், இன்னொன்றைக் கணிதம் எடுத்துக்கொள்ளும். அமலி கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு காலைப் பிரார்த்தனையில் வரிசையைச் சரிசெய்வார். மாலையில் பள்ளி வேன்களை ஒழுங்காக அனுப்பிவைப்பார். கல்லூரி நாட்களில் பல்கலைக்கழகக் கோ-கோ அணிக்குத் தலைவியாக இருந்தவர் என்பதால் அந்த வரிசைகள் பிரமாதமாக இருக்கும்.

பள்ளியின் தாளாளர் திருமலைசாமி முன்பு கோழிப்பண்ணை வைத்திருந்தவர். தீவன விலை கட்டுப்படியாகாமல் போனதும் கல்விச் சேவையில் இறங்கினார். நேரத்துக்குச் சாப்பாடு, இரவெல்லாம் வெளிச்சம், வெளியாள் உள்ளே வராமல் காவல் என்று பழைய தொழிலின் அனுபவம் எதுவும் வீண்போகவில்லை. எடை பார்த்த இடத்தில் இப்போது மார்க் பார்த்தார்.

மேல்நிலை மாணவர்களுக்கு மேற்படிப்பு, வேலை பற்றி வழிகாட்ட ஓர் ஆசிரியரை ஒதுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. பாடம் எடுக்கிற யாரையும் அதற்கெல்லாம் வீணாக்க முடியாது. தாளாளர் அமலியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க டீச்சர், நீங்க சும்மாதான இருக்கறீங்க?"

"ஆமாங்க சார். இருக்க வெச்சிருக்கறீங்க."

அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். "வேலை ஒண்ணும் பெருசா இல்லீங்க. காலேஜ்காரங்க வருவாங்க, பேசுவாங்க. பசங்க சத்தம் போடாம நீங்க பாத்துக்கோணும். அவ்வளவுதான்."

வந்தார்கள். வாராவாரம் டை கட்டிய ஒருவர் வந்து புரொஜெக்டரில் நீச்சல் குளத்தைக் காட்டினார். கல்லூரிதான் மாறியது, நீச்சல் குளம் மாறவில்லை. போகும்போது ஆளுக்கொரு பேனாவும் கல்லூரிப் பெயர் போட்ட பையும் கொடுத்தார்கள். பள்ளிக்கு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்த கல்லூரியின் ஆட்கள் மட்டும் அடிக்கடி வந்தார்கள். மாணவர்களின் எதிர்காலத்தில் அவர்களுக்கு அக்கறை கூடுதல்.

ஒருநாள் பேச்சு முடிந்ததும் அமலி வகுப்பில் கேட்டார், யார் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று. ஏறக்குறைய எல்லோரும் கம்ப்யூட்டர், அதிலும் ஏ.ஐ. என்றார்கள்.

"எதுக்கு கண்ணு?" என்று முதல் மார்க் வாங்கும் வர்ஷினியிடம் கேட்டார்.

"அதுக்குத்தானுங்க டீச்சர் ஸ்கோப்பு."

"ஸ்கோப்புன்னா என்ன?"

வர்ஷினி யோசித்தாள். எந்த வினாத்தாளிலும் வராத கேள்வி. பக்கத்தில் இருந்த லோகப்பிரியாவைப் பார்த்தாள். லோகப்பிரியா பேனாவைப் பார்த்தாள்.

இந்த விஷயத்தில் அமலிக்குச் சொந்த அனுபவம் உண்டு. அவர் மகன் ஜெரால்டு பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்தான். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே பெருமை சேர்த்தவன். சனிக்கிழமைதோறும் அழுக்குத் துணி மூட்டையோடு வீடு வந்து சேருவான். ஒருமுறை காய்ச்சலில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, எந்தக் கவுண்டர்ல சீட்டு வாங்கறது?" என்று கோவையிலிருந்து போன் செய்தான். பெருந்துறையில் இருந்த அமலி சொல்லிக்கொடுத்தார். அவனை அப்படி வளர்த்தது தான்தான் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அடுத்தவர் பிள்ளைகளைத் திருத்துவது என்று முடிவுசெய்தார்.

திட்டம் எளிது. ஒரு சனிக்கிழமை, விருப்பப்பட்ட மாணவர்கள் இரண்டிரண்டு பேராக டவுன் பஸ்ஸிலோ மொபசல் பஸ்ஸிலோ ஏறி, கோபியில் பஸ் மாறி, சத்தியமங்கலம் வந்து சேர வேண்டும். வழியில் அறிமுகமில்லாத ஒருவரிடம் அவர் வேலையைப் பற்றிப் பேசிவிட்டு வர வேண்டும். ஜோடிக்கு ஒரு பட்டன் போன் தருவார். அவர் சத்தி பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார். பெற்றோரிடம் சம்மதக் கடிதம் கேட்டார். எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் நீட்டும் காகிதத்தைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவர்களில் யாருக்கும் இல்லை.

அன்றைக்கு எல்லா ஜோடிகளும் மதியத்துக்குள் சத்தி வந்துவிட்டன, வர்ஷினியும் லோகப்பிரியாவும் தவிர. கோபி பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு பஸ்ஸில் 'சத்தி - கோபி - அந்தியூர்' என்று போர்டு இருந்தது. முதல் வார்த்தையைப் படித்ததுமே விடை கிடைத்துவிட்டதால் இருவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் சத்தியிலிருந்து வந்து அந்தியூருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊரைத் தாண்டியதும் டிக்கெட் போட வந்த கண்டக்டர், "சத்தி அக்கட்டால இருக்குதுங்க அம்மணி," என்று வந்த திசையைக் காட்டி, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். அங்கே ஒரு பேக்கரியும் சுற்றிலும் வாழைத்தோட்டமும் இருந்தன.

லோகப்பிரியா போன் செய்தாள். "டீச்சர், நாங்க எங்கிருக்கறோம்னே தெரியலீங்க."

"பக்கத்துல ஆளு யாராச்சும் இருக்கறாங்களா?"

"பேக்கரில இருக்கறாங்க."

"அப்ப அவிங்களக் கேளு கண்ணு. எனக்கு எப்படித் தெரியும்?"

போனை வைத்துவிட்டு அமலி பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்து வந்த பஸ்களில் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேக்கரி வாசலில் பைக்கில் சாய்ந்துகொண்டு ஓர் இளைஞர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பெயர் கிருபாசங்கர். வண்டிக்குப் பின்னால் கறுப்புக் குழாய்ச் சுருள்கள் கட்டியிருந்தன. வர்ஷினி அவரிடம் போய், "ஏனுங்கண்ணா, சத்திக்குப் பஸ் எங்க நிக்குங்க?" என்றாள். அவள் வாழ்க்கையில் ஓர் அந்நியரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். பிறகு அவள் தோளில் தொங்கிய, ஜெனரேட்டர் கல்லூரியின் பெயர் போட்ட பையைப் பார்த்தார். "இந்தப் பைய இன்னும் குடுக்கறாங்களா? எனக்கு நீலக்கலரு குடுத்தாங்க."

"அந்தக் காலேஜ்லயாங்க படிச்சீங்க?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ். கேம்பஸ்ல வேலையும் கெடச்சுதுங்க அம்மணி. ஆர்டரக் கையில குடுத்து போட்டோ புடிச்சாங்க. இப்பவும் பைபாஸ் பேனர்ல இருக்கறேன், ரெண்டாவது வரிசை."

"வேலை?"

"போட்டோ வந்துச்சு. வேலை வரலீங்க."

கம்பெனி ஆளெடுப்பைத் தள்ளிவைத்து, பிறகு மறந்துவிட்டதாம். இப்போது அவர் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதித்து, செல்போனிலேயே மோட்டார் ஓடும்படி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று லோகப்பிரியா கேட்டாள்.

"நல்லாப் புடிச்சிருக்குது. ஆனா இங்க வாரதுக்கு இத்தன சுத்து சுத்தியிருக்க வேண்டாம். சேர்றதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கோணும்."

"என்னங்கண்ணா?"

"போன வருசம் முடிச்ச ஒருத்தரு போன் நம்பரக் குடுங்க, நாங்களே பேசிக்கறோம்னு."

சாயங்காலம் இருவரும் சத்தி வந்து இறங்கினார்கள். அமலி ஆளுக்கொரு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஒன்று வாங்கினார், ஆனால் சாப்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை வர்ஷினியின் அப்பா சுப்பண்ணன் தாளாளர் அறையில் இருந்தார். "என்ற புள்ள வேனைத் தவுத்து எதுலயும் ஏறுனதில்லீங்க. வயசுப் பொண்ண எங்கியோ வாழைத்தோப்புல எறக்கி உடறதுக்கா இத்தன பீசு கட்டறோம்?"

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கறீங்க," என்றார் அமலி.

"அதப் படிச்சுப் பாக்கோணும்னு யாருங்க சொன்னாங்க?"

நியாயமான கேள்வி என்று தாளாளர் தலையாட்டினார். இனி இப்படி எதுவும் நடக்காது என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார். ஆனால் வழிகாட்டும் பொறுப்பை அமலியிடமிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் யாரிடம் கொடுப்பது என்பது அவருக்குப் பெரிய தலைவலி.

அதற்குள் ஜெனரேட்டர் கல்லூரிக்காரர் மறுபடியும் வந்தார். நீச்சல் குளம் முடிந்து, வேலை கிடைத்தவர்களின் போட்டோக்கள் வந்தன. "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றார். எல்லாப் பள்ளியிலும் கேட்பார். எந்தப் பள்ளியிலும் கேள்வி வந்ததில்லை.

வர்ஷினி எழுந்தாள். "போன வருசம் முடிச்சவங்க யாராச்சும் ஒருத்தரு நம்பர் குடுங்க சார். நாங்களே பேசிக்கறோம்."

அவர் புன்னகை செய்தார். "அதெல்லாம் பிரைவசிம்மா. குடுக்கக் கூடாது."

"போட்டோவப் போடலாமுங்களா?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

லோகப்பிரியா எழுந்தாள். "சார், ரெண்டாவது வரிசைல மூணாவதா இருக்கற அண்ணன் இப்ப எங்க வேலை செய்யறாருங்க?"

"நல்ல நெலமைல இருக்காரும்மா."

"ஆமாங்க சார். பாத்தோம்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. பிறகு கேள்விகள் நிற்கவில்லை. பாடம் நடத்தும் வாத்தியார் யார், விடுதியில் துணியை யார் துவைப்பது, நீச்சல் குளத்தில் தண்ணீர் இருக்குமா என்பது வரை கேட்டார்கள். சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதற்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்த அமலியின் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஊதவில்லை.

ஆண்டுவிழா மேடைக்கு அந்தக் கல்லூரி தருவதாகச் சொன்ன பந்தல் வரவில்லை. பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்ற தாளாளரின் தலைவலி அதோடு தீர்ந்தது. வழிகாட்டும் வகுப்பை இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார். அவர் அந்த நேரத்தில் ரிவிஷன் டெஸ்ட் வைத்து மாணவர்களின் எதிர்காலத்தைக் காப்பாற்றினார். அடுத்த சேர்க்கை சீசனில் பள்ளி வாசலில் ஒரு பேனர் எழுந்தது: 'தமிழகத்திலேயே முதன்முறையாக, வாழ்க்கைக் கல்விப் பயணம்.' தாளாளர் படத்தில் கை கூப்பிக்கொண்டிருந்தார். தனிக் கட்டணம், ஏ.சி. பஸ், துணைக்கு ஆசிரியர்கள். பிள்ளைகள் சத்தி பஸ் ஸ்டாண்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார்கள்.

வர்ஷினி கடைசியில் கம்ப்யூட்டர்தான் சேர்ந்தாள். ஆனால் சேர்வதற்கு முன் பீளமேட்டில் நாலைந்து கல்லூரி கேண்டீன்களில் உட்கார்ந்து சீனியர்களைக் குடைந்தெடுத்தாள். லோகப்பிரியா வேளாண் பொறியியல் சேர்ந்தாள். "தோட்டங்காட்ட உட்டுத் தப்பிக்கத்தான படிக்க வெச்சேன்," என்று அவள் அப்பா இன்னும் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் சுப்பண்ணன் அமலிக்குப் போன் செய்தார்.

"டீச்சர், சின்னவ ஹரிதா இந்த வருசம் ப்ளஸ் ஒன்னுங்க. ஆளக் கண்டாலே ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கறா. பெரியவ இப்ப என்ன போடு போடறாங்கறீங்க? அதான்... இவளையும் ஒருக்கா எங்கியாச்சும் தொலைச்சுப்போடுங்களே."

"அதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குங்க? ஞாயித்துக்கெழமை நீங்களே பஸ் ஏத்தி உடுங்க."

"நானுங்களா? எனக்குப் பயமா இருக்குதுங்களே."

"எனக்கு மட்டும் இல்லாம இருந்துச்சாங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹரிதா தனியாகக் கோபி பஸ்ஸில் ஏறினாள். சுப்பண்ணன் முகம் தெரியாமல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பைக்கில் பின்தொடர்ந்ததாகவும், பாதி வழியில் பஸ்ஸைத் தவறவிட்டதாகவும், மகளுக்கே போன் செய்து வழி கேட்டதாகவும் கேள்வி.