சந்தேகத்துக்குக் குறியீடு இல்லை

காரைக்குடியில் ஒரு மாடி அலுவலகத்தில் வின்சிக்கு மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் எவனுக்கோ இமையில் கட்டி வந்தால், அங்குள்ள டாக்டரின் குறிப்பைப் படித்து அந்த நோய்க்குரிய குறியீட்டை இவள் போட வேண்டும். அப்புறம்தான் அங்கே இன்சூரன்ஸ் அசையும். வலது இமையா இடதா, மேலா கீழா என்று ஒரு கட்டிக்கே அத்தனை விசாரணை.

அதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. டாக்டர் 'இந்த நோயாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தால் அந்த நோயைப் போடக்கூடாது. கண் சிவப்பு, வீக்கம் என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே போட வேண்டும். "சந்தேகத்துக்கெல்லாம் கோடு கெடையாதுத்தா" என்பாள் டீம் லீடர் உமையாள். வின்சி இதில் தவறியதே இல்லை. அலுவலகத்தில்.

வீட்டுக் கதை வேறு. அவள் கணவன் மரிய ஜெரால்டு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்ப்பவன். முன்பு மொடாக்குடியன். கண் சிவக்க வந்து நிற்பான்; கேட்டால் சிமெண்டு தெறித்துவிட்டது என்பான். அந்தச் சிமெண்டில் பிராந்தி வாடை வரும். போன தவக்காலத்தில் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். இனி ஒரு சொட்டு குடித்தாலும் மகளைக் கூட்டிக்கொண்டு கண்டனூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக இவளும் சொல்லிவிட்டாள். அவன் குடியை விட்டான். இவள் சந்தேகத்தை விடவில்லை.

ஒரு சாயங்காலம் வலது கண் சிவந்து வந்தான்.

"எங்குட்டுப் போயிட்டு வாரீக?"

"பட்டறையிலதான். சிமெண்டு தெறிச்சிருச்சு."

அதே பழைய பல்லவி! வின்சி அவன் முகத்தருகே வந்து நின்றாள். "எங்க, ஊதுங்க."

ஊதினான். வாடை இல்லை. அதோடு விடுவாளா? ஏலக்காய் மென்றிருப்பான் என்று முடிவு கட்டினாள். வண்டிப் பெட்டியைக் கிளறினாள், தண்ணீர் பாட்டிலை மோந்தாள், மேஸ்திரிக்கே போன் போட்டு அவன் எப்போது கிளம்பினான் என்று கேட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போன் போட்ட சேதி தெரிந்ததும் ஜெரால்டுக்கு மானம் போயிற்று. மறுநாளிலிருந்து கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளோடு பேச்சை நிறுத்தினான். குடித்த கண்ணை மறைக்கிறான் என்று வின்சி பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள்.

ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போதும் அவன் கண்ணாடியைக் கழற்றவில்லை. பிடுங்கிப் பார்த்தாள். இமை வீங்கி மூடியிருந்தது. ஓரத்தில் சீழ் வடிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மேல் இமையைப் புரட்டினார். அடியில் சிமெண்டுத் துகள் இறுகிக் கிடந்தது. உள்தோல் வெந்து, இமை கண்ணோடு ஒட்டத் தொடங்கியிருந்தது.

"அன்னைக்கே வந்திருக்கணும்மா. பார்வை முழுசாத் திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

இமை கண்ணோடு ஒட்டுவதற்கும் ஒரு குறியீடு உண்டு. வலது கண்ணுக்குத் தனியாக. வின்சிக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் வரும். இப்போது அழுகைதான் வந்தது.

"நீங்க நெசத்தைத்தான் சொன்னீக. நாந்தான் நம்பல" என்று அவன் கையைப் பிடித்தாள்.

"நம்பாதது உன் தப்பில்ல. நான் சொன்ன பொய் அம்புட்டு" என்றான் ஜெரால்டு, கட்டுப் போட்ட கண்ணோடு. "ஆனா ஊதச் சொன்னியே வின்சி, ஒருதரமாவது கண்ணைத் தொறந்து காட்டச் சொல்லலையே."