ஊர்சுத்திச் சீட்டு

என் அம்மாவுக்கு வானத்தைப் பார்க்காமல் பேச வராது. வீட்டுக்கு வந்தவர்களை "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று விசாரிக்கும்போதே ஒரு கண் மேற்கே போய்வரும். சிவகாசியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில், குச்சி காயப்போடும் களத்தில் அவளுக்கு வேலை. எங்கோ ஒரு மூலையில் முறம் அளவுக்கு மேகம் கறுத்தால் போதும், "ஏட்டி, அள்ளுங்கட்டி!" என்று ஒரு சத்தம் போடுவாள். சோற்றில் கை வைத்திருந்தவர்கள்கூட அப்படியே எழுந்து ஓடுவார்கள். நனைந்த குச்சி எதற்கும் ஆகாது. எங்கள் ஊரில் மழைக்கு ஏங்காத ஆளும் கிடையாது, மழையைத் திட்டாத ஆளும் கிடையாது. அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் செய்வாள்.

நான் நர்ஸ் பயிற்சி முடித்தது அறுபதுகளின் தொடக்கத்தில். கொல்லத்துப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள், நேரில் போய் மேட்ரனைப் பார்த்தால் வேலை கிடைக்கும் என்று பயிற்சி கொடுத்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதே நினைப்பு. ஆனால் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. அப்பா நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "நான் கண்ணால பாக்கணும். அந்த ஊரு, தண்ணி, அங்கன இருக்க மனுச மக்க, எல்லாத்தையும் பாக்கணும். பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன். என்ன சொன்னாலும் நீ அளுகக் கூடாது," என்றாள்.

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு அப்பால் உலகம் பார்க்காதவள் அவள். "போறதே ஒருக்க. அதுக்கு ஆசுபத்திரிய மட்டும் பாத்துட்டா திரும்புறது?" என்று வேறு ஒரு கொக்கியைப் போட்டாள். அதற்குப் பதில் விருதுநகர் ரயில் நிலையத்தில் இருந்தது. அங்கே மாட்டியிருந்த ஒரு விளம்பரப் பலகையை வாசித்துவிட்டு வந்து அவளிடம் சொன்னேன். மண்டலச் சீட்டு என்று ஒன்று வாங்கினால், அதில் போட்டிருக்கும் தேதி வரைக்கும் தென்னக ரயில்வேயில் ஓடும் எந்த ரயிலிலும் மூன்றாம் வகுப்பில் ஏறலாம். எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். இறங்கிய இடத்தில் மறுபடி ஏறலாம்.

"எங்கன வேணும்னாலுமா?"

"எங்கன வேணும்னாலும்."

"எறங்கிட்டு மறுபடி ஏறுனா வைய மாட்டாகளா?"

"வைய மாட்டாகம்மா. அதுக்குத்தான் அந்தச் சீட்டே."

மறுநாள் களம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ராமேசுவரம், திருச்செந்தூர், திருவனந்தபுரம், மதராஸ் என்று அவள் போகப்போகிற ஊர்களின் பட்டியல் பொழுது சாயச் சாய நீண்டது. மண்டலச் சீட்டு என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "ஊர்சுத்திச் சீட்டு" என்று அவளே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் பட்டது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கோயில்கள் என்று முடிவாயிற்று. "கசாயத்த மொதல்ல குடிச்சிருவோம். அப்பறம் நிம்மதியாச் சுத்தலாம்," என்றாள். என் வேலைதான் கசாயம்.

மே மாதத்தில் ஒரு காலையில் சிவகாசியில் கொல்லம் வண்டி ஏறினோம். அம்மா தன் சீட்டை இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்குள், தீப்பெட்டியோடு சேர்த்து வைத்திருந்தாள். பரிசோதகர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதோடு அவள் விடவில்லை. ராஜபாளையத்தில் காப்பி விற்றவரிடம் எடுத்துக் காட்டினாள். தென்காசியில் எதிரே வந்து உட்கார்ந்த தம்பதியிடம் காட்டினாள். "இத வச்சுக்கிட்டு நாங்க எங்கன வேணும்னாலும் எறங்கலாம்," என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள். அந்தக் கணவர் பயபக்தியோடு கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போல இருந்தது.

செங்கோட்டை தாண்டியதும் மலை வந்தது. அவ்வளவு பச்சையை அம்மா அதுவரை காலண்டரில்தான் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்தவள் மூடவே இல்லை. அப்போது வண்டி பெரிய குகைக்குள் நுழைந்தது. ஒரே இருட்டு, புகை, காதை அடைக்கும் சத்தம். சரக்கென்று ஒரு வெளிச்சம். அம்மா தீக்குச்சியைக் கிழித்து என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கியா?"

"எங்கம்மா போவேன்?"

"அம்மா, தீய அணைங்க!" என்று பெட்டி முழுக்கக் கத்தினார்கள். அவள் அசையவில்லை. குச்சி விரல் வரைக்கும் எரிந்த பிறகுதான் ஊதினாள். வெளிச்சத்துக்கு வந்ததும், "எங்க களத்துக் குச்சி. புகை ஊடாலயும் நின்னு எரிஞ்சது பாத்தீகளா?" என்று எதிரில் இருந்தவரிடம் பெருமை வேறு.

புனலூர் தாண்டி ஒரு சின்ன நிலையத்தில் எதிர் வண்டிக்காக ரயில் நின்றது. பிளாட்பாரத்தை ஒட்டித் தாழ்வான வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனி. சிமெண்டுக் களம் நிறைய முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. களத்தில் ஆள் இல்லை. எல்லாரும் உள்ளே சாப்பிட உட்கார்ந்திருக்க வேண்டும். கால் ஆறட்டும் என்று நாங்கள் இருவரும் இறங்கி நின்றோம். நான்கு மணிக்கு மேட்ரனைப் பார்க்க வேண்டும். இன்னும் நாலைந்து நிலையம்தான். அவரிடம் என்ன பேசுவது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் அம்மாவின் மூச்சு மாறியதைக் கேட்டேன். தென்னைகளுக்கு மேலே மேற்கு வானம் கறுத்திருந்தது.

"எம்மா, வேண்டாம்," என்றேன். அதற்குள் "அள்ளுங்கட்டி!" என்று அந்த நிலையமே அதிரக் கத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டிவிட்டாள். யார் களம், யார் கொட்டை என்ற யோசனையெல்லாம் அவளுக்கு இல்லை. அங்கே கிடந்த பலகையை எடுத்துக் கொட்டையைக் குவிக்கத் தொடங்கினாள். என்னைப் பற்றிச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் அந்தச் சத்தத்துக்கே ஓடிப் பழகிய கால்கள் எனக்கும். படித்த படிப்பையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலையையும் மறந்துவிட்டு நானும் வேலியைத் தாண்டி ஓடினேன்.

சத்தம் கேட்டு வெளியே வந்த மேஸ்திரி "கள்ளி! கள்ளி!" என்று கூச்சல் போட்டார். எங்களைத் திருடிகள் என்கிறார் என்பது புரிந்தது. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வாய் அப்பறம் பேசட்டும், படுதாவக் கொண்டாங்க!" என்று அவரையே விரட்டினாள். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அடுத்த நிமிடம் படுதாவோடு வந்தார். பின்னாலேயே எச்சில் கையோடு பெண்கள் ஓடிவந்தார்கள். கடைசிக் குவியலை மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அப்படி ஒரு மழையை நான் சிவகாசியில் கண்டதில்லை.

மழைச் சத்தத்துக்கு ஊடே ரயில் ஊதியது. எட்டிப் பார்த்தால் எங்கள் மூட்டை ஜன்னலோரம் சொகுசாக உட்கார்ந்துகொண்டு போகிறது.

என் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேலை போச்சு! நாலு மணிக்கு மேட்ரன் காத்துக்கிட்டு இருப்பாக. இதுக்குத்தான் வந்தியா?" என்று கத்தினேன்.

அம்மா நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே சுருக்குப்பையைத் தட்டினாள். "என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்துற? ஊர்சுத்திச் சீட்டு இருக்குல்ல? எங்கன வேணும்னாலும் எறங்கலாம்னு நீதான சொன்ன? அடுத்த ரயிலு வராமயா போகும்?"

அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலைய அதிகாரி எங்கள் மூட்டைக்காக அடுத்த நிலையத்துக்குத் தகவல் சொன்னார். மூட்டை பத்திரமாகக் கிடைத்தது, முறுக்குதான் கொஞ்சம் குறைந்திருந்தது.

அடுத்த வண்டி வரும்வரை அந்தப் பெண்கள் எங்களை விடவில்லை. கொட்டகைக்குள் உட்காரவைத்து, அவித்த மரவள்ளிக்கிழங்கும் பால் விடாத தேநீரும் கொடுத்தார்கள். கொட்டை உடைத்து உடைத்து அவர்கள் விரல்கள் கறுத்துப் போயிருந்தன. அம்மா ஒவ்வொருத்தியின் கையாகப் பிடித்துப் பார்த்தாள். தன் கையை நீட்டிக் காட்டினாள். அவர்கள் மலையாளத்தில் கேட்க, இவள் சிவகாசித் தமிழில் சொல்ல, இரண்டு பக்கமும் நன்றாகவே புரிந்தது. கூலி, மேஸ்திரியின் சிடுசிடுப்பு, மழையில் போகும் சரக்கு என்று பேச்சுக்குப் பஞ்சமில்லை. நான் போகிற ஆஸ்பத்திரியைப் பற்றியும் கேட்டாள். அந்தப் பெண்களில் பாதிப் பேர் பிள்ளை பெற்றது அங்கேதானாம். "மேட்ரன் சத்தம் போடும். என்னாலும் நல்ல மனசு," என்று ஒருத்தி சொன்னாள். சத்தம் போடும் என்றதுமே அம்மாவுக்கு மேட்ரனைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மேட்ரனை மறுநாள்தான் பார்க்க முடிந்தது. "நேற்றல்லவா வரச் சொன்னேன்?" என்று எடுத்த எடுப்பிலேயே அதட்டினார். அம்மா முன்னால் வந்தாள்.

"மளை வந்துருச்சு தாயி. அடுத்தவுக களத்துல கொட்டை நனையப் பாத்துச்சு. அள்ளிப் போட்டுட்டு வாறோம்."

மேட்ரனுக்குத் தமிழ் தெரியும். அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் அள்ளினாயா?" என்றார். தலையாட்டினேன். என் சான்றிதழ்களை அதற்கப்புறம்தான் வாங்கிப் பார்த்தார். அன்றைக்கே சேர்ந்துகொள்ளலாம் என்றார்.

ஆனால் அம்மா இன்னும் தன் முடிவைச் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். வார்டுகளை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்கட்டில் கொடிகளில் காய்ந்த படுக்கை விரிப்புகளையும், அவற்றுக்கு மேலே இருந்த வானத்தையும் வெகுநேரம் பார்த்தாள். நான் பின்னாலேயே அலைந்தேன். பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

"ஊரு நல்லாத்தான் இருக்கு. மனுச மக்களும் நல்லாத்தான் இருக்காக. வானத்தத்தான் நம்ப முடியாது," என்றாள். "சரி, இரு."

நான் அழுதேன்.

"அளுகக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று என் முகத்தைத் துடைத்துவிட்டாள். என் சீட்டு இனி வீண்தான். "உன் பங்குக்கும் சேத்து நானே சுத்திட்டு வாறேன். மொதல்ல வீடு, அப்பறம் ராமேசுவரம், அப்பறம் திருச்செந்தூரு," என்று அடுக்கிவிட்டுத் தனியாகவே ரயிலேறினாள்.

இரண்டு நாள் கழித்து வார்டிலிருந்து வெளியே வந்தேன். நோயாளிகள் உட்காரும் பெஞ்சில், மடியில் மூட்டையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா? ராமேசுவரம்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சின் மரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "குகைக்குள்ள வண்டி போச்சு. பளக்கத்துல குச்சியக் கிளிச்சேன். எதுத்தாப்புல ஆளில்ல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செங்கோட்டையில எறங்கிட்டேன். ராவு அங்கனயே படுத்துக் கெடந்துட்டு எதிர் வண்டியில ஏறுனேன். யாரும் வையல. சீட்டுதான் இருக்குல்ல," என்றாள்.

அன்று மாலை போனவள் மூன்றாம் நாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை தென்காசி வரை போயிருக்கிறாள். அதற்கடுத்த தடவை ராஜபாளையம். வருகிற வழியில் முந்திரிக் களத்தில் இறங்கி, அவர்கள் கொடுக்கும் கிழங்கை எனக்குக் கட்டிக்கொண்டு வருவாள். ராமேசுவரம் கடைசிவரை ராமேசுவரத்திலேயே இருந்தது. திருச்செந்தூர் முருகனும் அவளைக் காணவில்லை. தெற்கே எந்த ஊருக்கும் போகலாம் என்றிருந்த சீட்டை வைத்துக்கொண்டு, என் அம்மா என்னைவிட்டுப் போகப் பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் தூரம்.

சீட்டு முடிகிற நாளும் வந்தது. அன்று பெஞ்சு காலியாக இருந்தது. சாயங்கால வண்டியும் வந்து போய்விட்டது. சிவகாசியில் இறங்கிவிட்டாள், இந்நேரம் களத்தில் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகவும் இருந்தது, அந்தப் பெஞ்சைப் பார்க்கப் பிடிக்கவும் இல்லை. பின்கட்டுக்குப் போய் நின்றேன். கொடிகளில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. தென்னைகளுக்கு மேலே வானம் கறுத்தது.

"அள்ளுங்கட்டி!" என்று ஒரு சத்தம். ஆயாக்கள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். அம்மாதான் வந்துவிட்டாள் என்று நானே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. கத்தியது நான்தான்.