காலைக் கேட்கவில்லை, வாயைக் கேட்டேன்

நம் அம்மனை நம்பி வெள்ளிக்கிழமை கூடும் அக்கா தங்கைகள் என்னை மன்னிக்க வேண்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கூட்டத்திலும் கடைசியில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் எழுந்து போகிறவள். தகுதி இருக்கிறது என்று எழுதவில்லை. நடந்ததைச் சொல்லாமல் இருப்பது அம்மனுக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் மலையில் புளி உலுக்க மரம் ஏறியவர். சில வருஷங்களுக்கு முன் கிளை முறிந்து விழுந்தார். முதுகெலும்பில் அடிபட்டு இரண்டு காலும் போய்விட்டன. அதன் பிறகு சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையால் தரையைத் தள்ளித்தான் நகருவார்.

போன மாசி மாதம் ஒரு நாள் காலையில், புளி உடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கூப்பிட்டேன். பதில் வரவில்லை. வலது கையைத் தூக்கிவிட்டேன், தொப்பென்று விழுந்தது. கால் இல்லாதவருக்குக் கையும் போனால் என்ன மிச்சம்? அப்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

என் கொழுந்தன் ஜீப் பிடித்து வந்தார். போளூரில் பார்த்தவர்கள், தாமதிக்க வேண்டாம் என்று ஆம்புலன்சில் வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை உறைந்த ரத்தக் கட்டி அடைத்திருக்கிறது, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அதை எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. உயிருக்கு ஆபத்தும் உண்டு என்றார். பிறகு கேட்டார், "இதுக்கு முன்னாடி எப்படி இருந்தாரு? தன் வேலையைத் தானே பார்த்துக்குவாரா?"

கொழுந்தன் கையெடுத்துக் கும்பிட்டார். "அவரால இன்னாங்க முடியும்? கட்டை மாதிரி கெடக்கிறாரு. சோறுகூட நாங்கதான் ஊட்டணும். நீங்கதாங்க சாமி."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் மலையில் அதிகாரி யார் வந்து கேட்டாலும் இப்படித்தான் சொல்வோம். நன்றாக இருக்கிறோம் என்று சொன்னால் கொடுக்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார் என்று பயம். பாவப்பட்டால்தான் மனசு இறங்குவார்கள்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "ஏற்கெனவே படுக்கையில இருக்கறவருக்கு இதால பெருசா பலன் கிடைக்காதுங்க. பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டு வர்றேன்" என்று நடந்தார்.

ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் வேற்று ஆள் முன்னால் எனக்குப் பேச வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். "தாயே, அவருக்குக் காலைக் கேட்கவில்லை. எனக்கு வாயைக் கொடு."

எப்படி நடந்தேன் என்று தெரியாது. டாக்டரம்மா எதிரில் நின்றிருந்தேன்.

"அவர் சொன்னது நெசம் இல்லீங்க. எங்க வூட்டுக்காரர் தானே சாப்பிடுவாரு, தானே குளிப்பாரு. பலகையில ஒக்காந்து வூடெல்லாம் சுத்துவாரு. புளியில கொட்டை எடுக்கறது அவருதான். நான் கொல்லைக் காட்டு வேலைக்குப் போய்ட்டு வந்தா சாமைச் சோறு ஆக்கி வச்சிருப்பாரு."

"அண்ணி, சும்மா இரு. நல்லாத்தானே இருந்தாருன்னு தொரத்திடப் போறாங்க" என்று கொழுந்தன் என் முந்தானையை இழுத்தார்.

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "நிஜமா சமைப்பாரா?"

"உப்புதாங்க கொஞ்சம் தூக்கலா போடுவாரு."

அவர் சிரித்துவிட்டார். உடனே முகம் இறுகியது. "இத மொதல்லயே சொல்லியிருக்கணும்மா. கட்டிய எடுத்தாலும் நடக்க மாட்டாரு. பழையபடி ஆனா அதுவே பெருசு. அதுவும் எல்லாருக்கும் ஆகறதில்ல."

"பழையபடி போதுங்க" என்றேன்.

கட்டியை எடுத்தார்கள். கண் திறந்தார், ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. கை அசையவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் இறந்துபோனார். அடுத்தது நாங்கள்தான் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் தண்ணீர் கொடுக்கப் போனபோது, டம்ளரை அவரே பிடித்துக்கொண்டார்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பேச்சு குழறுகிறது. வலது கை விரல்கள் மடங்க மறுக்கின்றன. ஆனால் தானே சாப்பிடுகிறார். பலகையில் வாசல் வரை வருகிறார். "அம்மாந்தூரம் போயும் நடக்கலியா?" என்று ஊரில் கேட்கிறார்கள். முன்பென்றால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். இப்போது நின்று பதில் சொல்கிறேன். அம்மன் கொடுத்த வாய் அது.

எல்லாம் கைவிட்டது போலத் தெரிந்தாலும், என் அக்கா தங்கைகளே, அவளிடம் கேளுங்கள். பெரிதாகக் கேட்க வேண்டியதில்லை. அந்த நேரத்துக்கு எது வேண்டுமோ அதைக் கேளுங்கள்.

நாங்கள் வீடு திரும்பிய மறுநாள் சந்தவாசலிலிருந்து புளி வியாபாரி வந்தார். இந்த வருஷம் கொட்டை எடுக்க அவர் விரல் மடங்கவில்லை, புளியை அப்படியே கொடுத்துவிட்டோம்.