கண்டென்சர் வைத்த கார்

சூடேறிய சிமெண்ட் தரையில் ரப்பர் சக்கரம் தேய்கிற வாடையும் கருவாட்டு வாடையும் சேர்ந்த ஒரு வாடை உண்டு. மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் வளர்ந்த பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்க, வலை உலர்த்தும் பெரிய சிமெண்ட் தளம் காலியாகிவிடும். எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் அந்தத் தளம் முழுவதும் ரஃபீக்கின் காருக்கு என்று ஆகிப்போனது.

ரஃபீக் என் தம்பி குமாரின் "தோஸ்து". அவன் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ரிமோட் கார் அது. கடையில் தொங்கும் பொம்மை ரகம் இல்லை. ஓடுவதற்கு ஒரு மோட்டார், சக்கரத்தைத் திருப்ப ஒரு குட்டி மோட்டார், ரிமோட் சொல்வதைக் கேட்டு இரண்டையும் ஆட்டிவைக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர் என்று எல்லாவற்றையும் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். பையன்கள் ஆளுக்குப் பல சுற்று ஓட்டுவார்கள். கெஞ்சிக் கூத்தாடினால் எனக்கும் ஒன்று கிடைக்கும்.

தளத்தின் கடைசியில் கருங்கல் தடுப்பு, அதற்கப்பால் கடல். அந்தத் திருப்பம் வந்ததும் பையன்கள் பயந்து வேகத்தைக் குறைத்து, ஆடி அசைந்து திருப்புவார்கள். எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. முழு வேகத்தில் போய் ஒரே வெட்டாக வெட்டுவேன். அந்த நொடியில் கார் செத்துவிடும்: திரும்பாது, ரிமோட்டுக்குக் கட்டுப்படாது, போன போக்கில் உருண்டு கல்லில் முட்டும். சற்றுப் பொறுத்துத் தானாக உயிர் வரும். பையன்கள் கையில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. மூன்றாவது தடவை முட்டியதும் குமார் ரஃபீக்கிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "இவ கை ராசியில்ல மாமு. இன்மே இவ கைல குடுக்காத."

நீங்கள் சிரிக்கலாம். கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டில் இது சிரிக்கிற விஷயம் இல்லை. அம்மா, தடைக்காலத்திலும் கடலுக்குப் போகிற சின்ன ஃபைபர் படகுகளில் வரும் மீனை வாங்கி மார்க்கெட் வாசலில் விற்பாள். காலையில் முதல் "போணி" மீனை என்னைத்தான் எடுத்துக் கொடுக்கச் சொல்வாள். பள்ளிக்கூடம் இருந்தாலும் கொடுத்துவிட்டுத்தான் போவேன். குமாரின் பேச்சு வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை கூடைப்பக்கம் நான் நீட்டிய கையை அம்மா மெதுவாக விலக்கினாள். "நீ குந்து. தம்பி எட்துக் குடுக்கட்டும்." திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அன்றைக்கு முழுக்க நான் சோறு தின்னவில்லை.

என் ஆராய்ச்சி புத்தியெல்லாம் அந்த ரோஷத்தில் பிறந்ததுதான். ரஃபீக்கைப் பிடித்து, காரின் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று தரச்சொல்லி நச்சரித்தேன். "ஒரு தபாதான்க்கா" என்று கொடுத்தான். நான் ஓட்ட, அவன் கூடவே ஓடி ரிசீவரில் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு வந்தான். கல்லில் முட்டியதும், "திரும்பசொல்லோ லைட்டு அவிஞ்சி எரியுதுக்கா" என்றான்.

எனக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. கீழ் வீட்டில் தண்ணி மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு டியூப்லைட் கண் சிமிட்டும். இங்கேயும் அதே கதைதான்: இரண்டு மோட்டாரும் ஒரே சமயத்தில் கரண்டை இழுக்க, ரிசீவருக்குப் போதாமல் போகிறது. பயந்து பயந்து திருப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வராது.

லோ வோல்டேஜில் மின்விசிறி சோம்பிச் சுற்றினால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு, "கண்டென்சர் மாத்து" என்று. பழைய விசிறிக் கண்டென்சர் ஒன்றை மாட்டிப் பார்த்தோம். கார் கண்டுகொள்ளவே இல்லை. காயலான் கடையில் செத்துக் கிடந்த ஒரு டிவியிலிருந்து, கட்டைவிரல் தடிமனில் உருளையாக இருந்த பெரிய கண்டென்சர்கள் நான்கைப் பிடுங்கி வந்தோம். ஒன்றை எடுத்து, ரிசீவரில் சும்மா கிடந்த ஒரு துளையிலிருந்து சிவப்பும் கறுப்பும் கம்பி இழுத்து அதோடு முறுக்கினேன். விசிறிக் கண்டென்சரை எந்தப் பக்கம் மாற்றி மாட்டினாலும் விசிறி சுற்றும். அந்த நினைப்பில் இதையும் கைக்கு வந்தபடி மாட்டிவிட்டேன். சற்று நேரத்தில் அது சூடாகி, "டப்" என்று வெடித்து, "கலீஜான" ஒரு புகையைக் கக்கியது. கூட நின்ற குமார் புகையைப் பார்க்கவில்லை. என் கையை மட்டும் பார்த்தான்.

அழுதுகொண்டேதான் மிச்சம் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு வெள்ளைப் பட்டை, அதில் கழித்தல் குறி. கண்ணுக்கு நேரே போட்டு வைத்திருக்கிறார்கள், நான்தான் பார்க்கவில்லை. பட்டைப் பக்கத்துக் காலைக் கறுப்புக் கம்பியில் முறுக்கி, டேப் சுற்றிவிட்டு மூன்று பேரும் பத்தடி தள்ளி நின்றோம். வெடிக்கவில்லை.

ஆனாலும் பயம் போகாமல், ஓட்டுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றினேன். ரிசீவர் விளக்கு அணையவில்லை. பேட்டரி என் கையில் இருக்கிறது, விளக்கு அங்கே எரிகிறது. பிறகுதான் அது மெல்ல மெல்ல மங்கி, தூக்கம் வந்த குழந்தையின் கண் போல மூடியது. மாட்டினேன், கழற்றினேன், மறுபடியும் அதே. கரண்ட் என்றால் கம்பியில் ஓடிக்கொண்டே இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஓரிடத்தில் தங்கும், கேட்கிற நொடியில் எடுத்துக் கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட நான் அப்படி நின்றதில்லை. ரஃபீக் "யா அல்லா" என்று முணுமுணுத்தான்.

அப்புறம் ஓட்டினேன். முழு வேகத்தில் போய், கல்லுக்கு இரண்டு முழம் இருக்கும்போது வெட்டினேன். கார் திரும்பி என்னைப் பார்த்து வந்தது. பேட்டரி தீரும்வரை அதே இடத்தில் வெட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூட விளக்கு அவியவில்லை.

மறுநாள் காலை அம்மா கூடையை என் பக்கம் நகர்த்தினாள். "எட்துக் குடு. உன் கை இப்ப சரியாப்பூட்ச்சாமே, தம்பி சொல்றான்." வாய் வரைக்கும் வந்த கண்டென்சர் கதையை விழுங்கிவிட்டு ஒரு சங்கரா மீனை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அந்தத் தளத்தில் ஐஸ் லாரிகள் நிற்கின்றன. ரஃபீக் அவன் மாமாவைப் போலவே துபாய் போய்விட்டான். நான் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளைப் பார்த்துக்கொள்கிறேன். குடம் அளவுக் கண்டென்சர்கள் வரிசையாக நிற்கும் பெட்டியைத் திறக்கும்போது இன்றைக்கும் அதே சிலிர்ப்பு வருகிறது. அம்மா சாகும்வரை மார்க்கெட்டில் எல்லாரிடமும் என் கை சரியாகிவிட்டது என்றே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது எப்போதுமே நல்ல கைதான் என்று அவள் ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன், சொல்லாமலே போய்விட்டாள்.